திருடன் கையில் சாவி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மணக்காத தெரு உண்டா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாய் இறங்கும் காயைத் தரம் பிரிப்பதும் ஏலம் விடுவதுமே அந்த ஊரின் பிழைப்பு. ஏலச் செடிக்குக் கடும் வெயில் ஆகாது. பெரிய மரங்களின் நிழல் வேண்டும். மரம் போனால் ஏலமும் போயிற்று. ஊரில் குழந்தைக்கும் தெரிந்த இந்தக் கணக்கு, கோடரிக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு நாள் மாலை, வியாபாரி ஒருவரின் கடைத் திண்ணையில் பேச்சு குமுளிப் பக்கம் திரும்பிற்று. பட்டை திருடியவர்களையே அங்கே காட்டுக்குக் காவலாக்கினார்கள் என்றேன்.

"திருடன் கையில் சாவியைக் கொடுத்தார்களாக்கும்!" என்று சிரித்தார் பெரியவர்.

பெரியாறு காடு 1950-இல் சரணாலயமாயிற்று. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. பெயர்ப் பலகை மாறினால் திருட்டு நின்றுவிடுமா? வயணம் என்று ஒரு மரம், இலவங்கத்தின் காட்டு உறவு. அதன் பட்டையை உரித்து விற்கச் சில ஏழை மனிதர்கள் காட்டுக்குள் நாட்கணக்கில் தங்கினார்கள். முழுக்க உரித்த மரம் பட்டுப்போகும். ஆனால் யானை எந்தத் தடத்தில் இறங்கும், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பிடிபட்டால் வழக்கு, வழக்குச் செலவுக்கு மறுபடியும் பட்டை. விஷச் சுழல்தான்.

1996-இல் உலக வங்கியின் உதவியோடு அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதை ஒட்டி, வனத்துறையார் இந்த மனிதர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். திருட்டை விட்டுவிட வேண்டும், வழக்குகள் விலக்கிக்கொள்ளப்படும் என்பது ஏற்பாடு. இருபது பேருக்கு மேல் முன்வந்தார்கள். 1998 முதல், பிரயாணிகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்று கூடாரத்தில் தங்கவைப்பது அவர்கள் தொழிலாயிற்று, கூடவே காவலும். பழைய கூட்டாளிகளைப் பற்றித் துப்புக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டையை விட்டுவிடலாம், சேர்ந்து கஞ்சி குடித்தவனை எப்படி விடுவது?

"அவர்களுக்கு வருமானம் இருக்கிறது, செய்கிறார்கள்" என்றார் பெரியவர். வியாபாரி அல்லவா! அவர் சொன்னதும் பொய்யில்லை.

அப்போதுதான் வசந்தசேனையைப் பற்றிச் சொன்னேன். நாடகத்து நாயகியின் பெயரைப் படைக்கு வைத்த குறும்புக்காரர் யாரோ! 2002-இல் அந்தப் பக்கத்துப் பெண்கள் நூறு பேர் அளவில் சேர்ந்து அமைத்த காவல் குழு அது. முறை வைத்துக்கொண்டு, ஐந்தாறு பேராகக் காட்டோரம் சுற்றிவருகிறார்கள். சந்தன மரத்துக்கு ஆபத்தா, அந்நியர் நடமாட்டம் உண்டா என்று பார்க்கிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. அந்தக் காட்டில் பெய்யும் மழைதான் 1895-இல் கட்டி முடித்த அணையில் தேங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கு வருகிறது. கேரளத்துப் பெண்கள் நடக்கிறார்கள். நெல் நம் பக்கம் விளைகிறது.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி, போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேற வந்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டார்களே, அன்று தீயைக் கண்டதும் ஏறி ஓடியவர்கள் அந்த மலைக் கிராமத்து ஜனங்கள்தான் என்று தாமாகவே நினைவு கூர்ந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பெண்கள் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டா வருகிறார்கள்?"