பழைய போர்டு லோரியும் பழுது காணும் முறையும்

தமிழில் ‘பொறி’ என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும், தீப்பொறியையும் குறிக்கும். பெட்ரோல் இயந்திரத்தில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. தீப்பொறி தவறினால் இயந்திரம் வெறும் இரும்பே. இதனை ஓட்டுநருக்கு நாள்தோறும் உணர்த்திய வண்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் போர்டு நிறுவனம் 1917 முதல் 1927 வரை செய்துவந்த ‘டிடி’ லோரியே அது.

ஒரு டன் சுமைக்கென அமைந்த இந்த லோரியில், 1908இல் வெளிவந்த ‘மாடல் டி’ காரின் நான்கு சிலிண்டர் இயந்திரமே பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் 20 குதிரைத் திறன். முன்புறம் நின்று ஹேண்டிலைச் சுழற்றியே அதனைக் கிளப்புவர். அதில் ஆபத்தும் இருந்தது. ஸ்டியரிங்கின் கீழ் இடப்புறமிருந்த சிறு நெம்புகோல், தீப்பொறி எழும் நேரத்தை முன்பின்னாக மாற்றும். கிளப்புமுன் அதனைத் தாமத நிலையில் வைத்தல் வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலேறி முடியுமுன்பே எரிவாயு வெடித்து, ஹேண்டில் எதிர்ப்புறம் பாய்ந்து கையை முறித்துவிடும். ஆகவே ஹேண்டிலை மேல்நோக்கி இழுக்க வேண்டுமேயன்றிக் கீழ்நோக்கி அழுத்தலாகாது என்பது விதியாயிற்று.

கிளம்பிய இயந்திரம் சில வேளை ‘மிஸ்’ அடிக்கும். அஃதாவது, ஒரு சிலிண்டர் எரியாமல் தவறும். அது எந்தச் சிலிண்டர்? இவ்விடத்தில்தான் அவ்வண்டியின் அமைப்பு கைகொடுத்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மரப்பெட்டியில் அடங்கிய தனிக் காயில் ஒன்று உண்டு. அதன் மேலுள்ள மெல்லிய தகடு அதிர்ந்து ரீங்காரம் செய்யும். இரண்டு தகடுகளை விரலால் அழுத்தி நிறுத்தினால், எஞ்சிய இரண்டு சிலிண்டர்களே இயங்கும். அவை சீராக ஓடினால், பழுது அழுத்தப்பட்ட இரண்டில் ஒன்றிலாகும். இவ்வாறு மாற்றி மாற்றி அழுத்திப் பழுதுள்ள சிலிண்டரை அறிந்தபின், அதன் காயிலை வேறொன்றோடு இடம் மாற்றுவர். பழுதும் உடன் சென்றால் குற்றம் காயிலுடையது. செல்லாவிடில் பிளக்கையோ கம்பியையோ பிறவற்றையோ ஆராய வேண்டும்.

எல்லாத் தடுமாற்றமும் தீப்பொறியால் விளைவதன்று. பெட்ரோல் தொட்டி இருக்கையின் கீழிருந்தது, பம்பு இல்லை. பெட்ரோல் தன் எடையாலேயே கார்பரேட்டருக்கு இறங்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் அது இறங்காது. இயந்திரம் திணறி நிற்கும். காரணம் அறிந்தவர்கள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேற்றினர்.

சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அமைந்தது. கை முறியும் அச்சம் நீங்கும் வழி பிறந்தது. டிடிக்குப் பின் வந்த ‘ஏஏ’ லோரியில் நான்கு காயில்களுக்குப் பதிலாக ஒரே காயிலும், மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் இடம்பெற்றன. அமைப்பு மாறவே பழுது காணும் முறையும் மாறிற்று. ஒரே சிலிண்டர் தவறினால் காயில்மீது ஐயமில்லை. காயில் பழுதானாலோ நான்கும் அடங்கிவிடும்.

இன்றைய கார்கள் பலவற்றில் சிலிண்டருக்கொரு காயில் மீண்டும் வந்துள்ளது. கணினி பழுதைச் சுட்டிய பின்னும், மெக்கானிக் இரண்டு காயில்களை இடம் மாற்றிப் பார்த்தே முடிவு செய்வதுண்டு. மரப்பெட்டிகள் மறைந்தன, அவை கற்பித்த ஆராய்ச்சி முறை மறையவில்லை.