பொற்கிண்ணமும் பின்னிரவும்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்து மூவருக்கு உரியது. மாட வீதிகளில் கால் வைக்க இடம் இராது. சாம்பலும் எலும்புமாய்க் குடத்தில் இருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் உயிரோடு எழுப்பிய நிகழ்ச்சியும் அன்றுதான் நடத்திக் காட்டப்படுகிறது. சம்பந்தரின் செப்புத் திருமேனிகள் பலவற்றில் ஒரு கை விண்ணைச் சுட்டி நிற்கும். மறு கையில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். கதை யாவரும் அறிந்தது. நாம் இங்கே பேச விரும்புவது அந்தக் கிண்ணத்தைப் பற்றி மட்டுமே.

சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை அழுகிறது. உமையம்மை அதனை மடியில் கிடத்தி நேரே பாலூட்டவில்லை. பொன் வள்ளத்தில் பாலை ஏந்தி ஊட்டுகிறாள். இதைப் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். சென்னையை அடுத்த குன்றத்தூர்க்காரர். தாய்ப்பாலைக் கலத்தில் எடுத்துப் புகட்டியதற்கு இதைவிடப் புகழ்பெற்ற சான்று நம் இலக்கியத்தில் இல்லை என்பது நம் துணிபு. சீகாழியில் இன்றும் சித்திரையில் திருமுலைப்பால் விழா நடக்கிறது. ஆனால் சுரந்தவள் தெய்வமாகையால், வள்ளம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எவரும் கேட்டதில்லை. குடித்த குழந்தை ஞானம் பெற்றது, பதிகம் பாடியது. கலம் பொன்னாயிற்று. நிரப்பியவளின் நேரத்துக்குக் கணக்கு இல்லை. தாய்ப்பாலின் வரலாறு முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அகப்பாடல்களின் செவிலியை நாம் அறிவோம். வளர்ப்புத் தாயரை ஐவகையாகப் பிரிக்கும் மரபில் ‘முலைத்தாய்’ என்றே ஒருத்தி உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தன் பாலைத் தந்தவள். (செவிலி என்ற சொல் இன்று மருத்துவமனைச் சீருடைக்குள் புகுந்து செவிலியர் ஆகிவிட்டது, முலைத்தாய் அகராதியோடு நின்றுவிட்டாள்.) அவளுக்குச் சொந்தப் பிள்ளை ஒன்று இருந்திருக்க வேண்டும், இல்லாவிடில் பால் ஏது? அந்தப் பிள்ளையைப் பற்றி இலக்கியம் பேசுவதில்லை.

அதைப் பற்றி ஓரளவு பேசுபவர்கள், விந்தையாக, வெள்ளைக்காரத் துரைசானிகள். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி ‘அமா’ என்ற சொல்லுக்குப் பாலூட்டும் செவிலி என்று பொருள் தந்து, மெட்ராஸில் வழங்கும் சொல் என்றும் குறிக்கிறது. நம்மவர் உடனே இது ‘அம்மா’தானே என்பர். அகராதியோ அதனைப் போர்த்துகீசியச் சொல் என்கிறது. ‘ஆயா’வும் அம்மொழியின் கொடையே. பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் சாந்தோமில், மயிலாப்பூருக்கு அண்டை வீட்டாராக, குடியேறிவிட்டனர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

1836 முதல் 1839 வரை மெட்ராஸ் மாகாணத்தில் வாழ்ந்த ஜூலியா மெய்ட்லண்ட் எழுதிய கடிதங்கள் 1843இல் நூலாயின. கணவர் ராஜமுந்திரியில் நீதிபதி. தம் குழந்தைக்கு அமர்த்திய அமாவைப் பற்றி அவர் அலுத்துக்கொள்கிறார்: அவள் சாதியாசாரம் உள்ளவள், அவளுக்கென்று தனிச் சமையலாள் வைக்க வேண்டியிருக்கிறது, சமைப்பதற்கு வளவுக்குள் தென்னங்கீற்றுக் குடிசை வேறு. அடுத்து வருவதுதான் நம்மை நிறுத்துகிறது. அமாவின் சொந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆளையும் துரைசானி அமர்த்துகிறார். இல்லாவிட்டால் பெற்றவர்களே அதைக் கவனிக்காமல் சாகவிட்டுப் பழியைத் தம்மீது போடுவார்களாம். கவனக்குறைவு என்று அவர் பெயரிட்டதை நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். ஒரு மாளிகையில் ஒரு குழந்தைக்கு இரவெல்லாம் விழித்திருப்பவள், குடிசையில் கிடக்கும் இன்னொரு குழந்தைக்கு எந்த உடம்போடு விழித்திருப்பாள்? துரைசானி சாப்பாட்டுக் கணக்கை எழுதினார், குடிசைக் கணக்கை எழுதினார். உறக்கக் கணக்கை எழுதவில்லை.

அமாவை அமர்த்த வசதியற்ற வீடுகளில் இருந்தது சங்கு. பாலாடை என்றும் சொல்வார்கள். (காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏடும் பாலாடைதான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தியாகராய நகரின் பாத்திரக் கடைகளில் எவர்சில்வரில் கிடைக்கும், தாத்தா பாட்டிமார் வெள்ளியில் வாங்கிப் பரிசளிப்பார்கள். ஒரு பக்கம் மூக்குப்போல் நீண்ட இந்தக் குட்டிக் கிண்ணத்துக்குப் பிற்காலத்தில் ஒரு மரியாதை கிடைத்தது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது; புட்டியின் ரப்பரைக் கொதிக்க வைத்துத் துப்புரவாக்குவதோ கடினம். எனவே, தாயிடமிருந்து பீச்சி எடுத்த பாலைப் புகட்டப் பாலாடையே ஏற்றது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். இன்று ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் அதன் பெயர் ‘பாலாடை’தான். மொழிபெயர்ப்பு இல்லை. பிரிட்டன் மருத்துவமனையில்கூட அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மொழி உலகுக்குத் தந்த சொற்கள் என்று கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் பட்டியலிடும் நம் மேடைப் பேச்சாளர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்!

இடையில் டப்பாப்பால் காலம் ஒன்று வந்துபோயிற்று. கொழுகொழுவென்ற பிள்ளையைப் பார்த்தால் ‘கிளாக்ஸோ பேபி’ என்று சொல்லும் வழக்கம் அதன் மிச்சம். 1992ஆம் ஆண்டுச் சட்டம் டப்பாவின்மேல் குழந்தைப் படம் போடுவதையே தடை செய்தது.

பால் வராத துயரத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பூண்டும் சுறாப்புட்டும் அதற்கென்றே இருக்கின்றன. பால் நில்லாத துயரமும் உண்டு. குழந்தை இறந்து பிறந்த வீட்டில், தாயின் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றும் என்று கிழவிகள் சொன்னதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்து, 1988இல் கட்டுரையாக வெளியிட்டனர். புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரண்டிலுமே குறைந்தது. மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் பால் வற்றியதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வடக்கு மாட வீதியில் முழம் போட்டு விற்கிற அதே குண்டுமல்லிதான்.

இனிக் கருவிக்கு வருவோம். 1854இல் அமெரிக்கர் ஓர்வெல் நீதம் முலைப்பால் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1956இல், சுவீடன் பொறியாளர் ஐனர் எக்னெல் தாய்க்கு ஊறு விளைக்காத பம்பு ஒன்றை வடிவமைத்தார். அதற்கு வைத்த பெயர் ‘சிஸ்டர் மாயா’, உடன் உழைத்த செவிலியின் பெயர். மருத்துவமனையில் மட்டும் இருந்த மின்பம்பு 1991க்குப் பிறகு கைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. நம் மருந்துக் கடைகளில் நெடுங்காலம் கிடைத்ததோ கண்ணாடிக் குடுவையில் ரப்பர் பந்து மாட்டிய ஒன்று. அழுத்தி விட்டால் இழுக்கும். வலிக்கும்.

கருவி எதுவானாலும் அது இழுத்து மட்டும் பால் வருவதில்லை. ‘பால் இறங்குது’ என்று நம் பெண்கள் சொல்வார்களே, அது நடக்க வேண்டும். 1948இல் நைல்ஸ் நியூட்டனும் மைக்கேல் நியூட்டனும் ஒரு தாயை வைத்துச் சோதித்தார்கள். பாலூட்டும்போது அவள் கால்களைப் பனிக்கட்டி நீரில் வைத்தார்கள், கால் விரலை வலிக்க இழுத்தார்கள், கணக்குக் கேட்டுப் பதில் சொல்லச் சொன்னார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. மனக்கணக்கும் பாலைக் குறைக்கக்கூடும்.

அடையாற்றின் ஓர் அடுக்ககத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சமையலறை நாற்காலியில் அமரும் பெண் செய்துகொண்டிருப்பது என்ன? கணக்குத்தான். இப்போது அறுபது மில்லி. காலையில் எண்பது வந்தால், அலுவலகம் போகும் பகல் முழுதும் போதுமா? இரவில் எடுப்பது அவளுடைய பிடிவாதமன்று. புரோலாக்டின் இரவில்தான் மிகுதி. பால் தேங்கினால் சுரப்பு குறையும். ஒரு வேளை விட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். எடுத்ததை வைப்பதற்கும் விதி உண்டு. அறை வெப்பம் 25 பாகைக்குள் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறது அமெரிக்க வழிகாட்டி. சென்னையின் மே மாத இரவுகள் 25க்குக் கீழ் இறங்குவது அரிது. ஆக, குளிர்பெட்டியில் நான்கு நாள், உறைபெட்டியில் ஆறு மாதம் வரை. அந்தக் கணிப்பும் மின்சாரத்தை நம்பியது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோதும் தென்சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வெள்ளத்தில் போன நூல்களுக்கும் கார்களுக்கும் கட்டுரைகள் எழுதப்பட்டன. உறைபெட்டிகளில் உருகிய பாலுக்கு எவரும் எழுதியதாக நினைவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஆலைப் பெண்களுக்காகச் சென்னை மாகாணம் 1934இலேயே மகப்பேற்று உதவிச் சட்டம் இயற்றியது. 1961இன் நடுவண் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. 2017இன் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் காப்பகமும், அங்கே நாளுக்கு நான்கு முறை சென்றுவரும் உரிமையும் வழங்கியது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றையே உள்வாங்கியது. தமிழக அரசோ தன் ஊழியருக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது, 2021இல் பன்னிரண்டு என விடுப்பை ஏற்றிக்கொண்டே போனது. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. நல்லவையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் குழந்தை தாயின் அருகில் இருக்கிறது. தரமணியில் டைடல் பூங்கா திறந்த 2000ஆம் ஆண்டுக்குப் பின் உருவான பழைய மாமல்லபுரம் சாலையின் இரவுப் பணியில், குழந்தை இருப்பது வீட்டில், பாட்டியிடம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாலைப் ‘பீச்சி எடுக்க’ இடைவேளை என்று அந்த வினைச்சொல்லே இருக்கிறது. நம் சட்டத்தில் அந்த வினைச்சொல் இன்னும் ஏறவில்லை.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989 நவம்பரில் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழக அரசு மருத்துவமனைகளிலும் இன்று அவை உள்ளன. கொடையாக வரும் பாலை 62.5 பாகையில் முப்பது நிமிடம் சூடாக்கி, உறைய வைத்து, தாயை இழந்த அல்லது தாய்க்குப் பால் இறங்காத குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையிலோ குழாய் வழியோ தருகிறார்கள். இங்கே பாலுக்கு விலை கிடையாது. கொடுப்பவர்களில் பலர், அதே மருத்துவமனையில் தம் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பால் எடுத்துக்கொண்டிருப்பவர்கள்.

2024 மே மாதம், தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சில நாள்களிலேயே சென்னை மாதவரத்தில், புட்டிகளில் தாய்ப்பால் விற்ற கடை ஒன்றுக்கு அதிகாரிகள் முத்திரையிட்டனர். நாம் படித்த செய்திகளில் புட்டிகளைப் பற்றியும் விலையைப் பற்றியும் விவரம் இருந்தது. அந்தப் பாலை எடுத்துக் கொடுத்த பெண்கள் யார், எந்த நேரத்தில் எடுத்தார்கள், அவர்களுடைய குழந்தைகள் அந்நாளில் என்ன குடித்தன என்ற விவரம் எதிலும் இல்லை.