ஈரத்துணியும் காயிலும்: பம்பாய் டாக்ஸியின் பழுது வரலாறு

இந்திய மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் இரண்டு வகையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, உரிமம், சுங்கவரி, இறக்குமதிக் கட்டுப்பாடு ஆகியவற்றின் வழியே நகரும் கொள்கை வரலாறு. மற்றொன்று, பழைய கார்களைக் குறித்த நினைவேக்கம். 2003 அக்டோபர் 29 அன்று தாடதேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி, 20 ஆண்டு வயது வரம்பை எட்டி 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விலகியபோது இரண்டாம் வகை எழுத்து பெருகியது. இவ்விரு வகைகளுக்கும் இடையே ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: அந்த வண்டிகள் அத்தனை ஆண்டுகள் எவ்வாறு ஓடின? விடையைத் தேட, என்ஜின் அறையின் ஓரத்தில் உள்ளங்கை அளவு உருளையாக நிற்கும் ஒரு பாகத்திலிருந்து தொடங்கலாம். பாடநூல் அதனைத் தூண்டு சுருள் என்கிறது. பட்டறை அதனைக் ‘காயில்’ என்கிறது.

1831-இல் ஃபாரடே விளக்கிய மின்காந்தத் தூண்டலே காயிலின் அடிப்படை. 1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கோலஸ் கேலன் முதல் தூண்டு சுருளை அமைத்தார். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சார்லஸ் கெட்டரிங் அதனை மின்கலம், தொடர்பு முறிப்பான் ஆகியவற்றோடு இணைத்து காடிலாக் கார்களுக்கான எரியூட்டல் முறையாக்கினார். அதன் செயல்பாடு எளியது. ‘பாயிண்ட்’ மூடியிருக்கும்போது சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பியில் 12 வோல்ட் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உருவாக்குகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சரிகிறது. பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும்போது காயில் ஒவ்வொரு நொடியும் 100 முறை இதனைச் செய்தாக வேண்டும்.

பம்பாய்க்கு இம்முறை முதலில் அமெரிக்கக் கார்களின் வழியாகவே பரவலாக வந்தது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சிவ்ரியில் ஒரு பொருத்து ஆலையைத் திறந்தது. 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலை குர்லாவில் எழுந்தது. தாராவி, மாதுங்கா, செம்பூர் என்னும் தமிழர் குடியிருப்புகள் மூன்றுக்கும் அருகிலுள்ள பகுதி அது. உள்நாட்டில் பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவு செய்த பின்னர், 1954-இல் ஜெனரல் மோட்டார்ஸ் உற்பத்தியை நிறுத்தியது. ஃபியட்டின் உரிமத்தோடு இயங்கிய குர்லா ஆலை நிலைத்தது. அங்கு உருவான 1089 கன சென்டிமீட்டர் என்ஜின் கொண்ட ஃபியட் 1100, பின்னர் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974-இல் பத்மினி ஆயிற்று. 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில் வாகன மின்கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. மின்பாகங்களில் தற்சார்பு என்னும் கொள்கை உருப்பெற்ற வரிசை இது.

கொள்கை வரலாறு இங்கே முடிந்துவிடுகிறது. பழுதின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. ஒரே வடிவமைப்பு பல்லாண்டுகள் மாறாமல் நீடித்ததால், அதன் நோய்க்குறிகளும் மாறாமல் நீடித்தன. அவற்றுள் மிகவும் குழப்பமானது ஒன்று: கோடை நண்பகலில், நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டி திடீரென நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் உயிர்பெறும். இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. காயிலின் உள்ளே மெல்லிய கம்பியின் காப்புறை தளர்ந்து, சூட்டில் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளலாம். கண்டென்சர் பழுதாகி, பாயிண்ட் கருகிப் பொறி நலிந்திருக்கலாம். அல்லது காயிலுக்குச் சற்றும் தொடர்பில்லாமல், என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்பு இழுக்க முடியாத நிலை ஏற்பட்டிருக்கலாம்.

மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஆகவே குற்றமற்ற காயில்கள் பல கழற்றி எறியப்பட்டிருக்கும் என ஊகிப்பது தவறாகாது. அந்த ஊகத்திற்குத் தடையாக நின்றவை இரு எளிய சோதனைகள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து தடித்த வயரை உருவி, என்ஜின் உலோகத்திற்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் பிடித்தால், தடித்த நீலப்பொறி காயிலை விடுவிக்கும். மெலிந்த மஞ்சள் பொறி ஐயத்தைக் காயில் மீதும் கண்டென்சர் மீதும் நிறுத்தும். மற்றொன்று ஈரத்துணி. அதனைப் பம்பின் மீது போர்த்தி வண்டி உயிர்பெற்றால் குறை பெட்ரோலில். காயிலின் மீது போர்த்தி உயிர்பெற்றால் குறை காயிலில். இந்திய ஓட்டுநர்கள் பலர் அறிந்த இந்த உத்தியைக் கைவைத்தியம் என ஒதுக்குவதற்கில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது, எந்த ஆய்வுக்கூடத்திலும் ஏற்கப்படும் முறையே.

மழைக்காலம் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும், ஈரம் படிந்த வழியே மின்னழுத்தம் உடலுக்குக் கசிந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவான நகரம் இது. கோடையில் ஈரத்துணியால் பிழைத்த வண்டி, ஆடியில் உலர்ந்த துணியால் பிழைத்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி இந்த அறிவின் ஒரு பகுதி பொருளிழந்தது. நகரின் காற்று மாசு குறித்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து பழைய டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறின. வாயுவில் ஓடும் வண்டியில் திரவப் பெட்ரோல் குழாயில் ஆவியாகி அடைக்கும் வாய்ப்பில்லை. எனவே பம்பின் மீது போடும் துணிக்கு வேலையில்லை. மறுபுறம், சிலிண்டருக்குள் வாயுக் கலவையை எரியூட்டப் பெட்ரோலைவிட மிகுந்த மின்னழுத்தம் தேவை. ஆகவே காயில், வயர், பிளக் ஆகியவற்றின் சுமை கூடியது. அதே வண்டி, அதே நோய்க்குறி. ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. சூட்டில் நின்ற வண்டியில் காயிலை ஐயுறுவது இப்போது முன்னைவிட நியாயமாயிற்று. நீதிமன்ற ஆணை ஒன்று பட்டறையின் நோயறியும் முறையையே மாற்றிய இச்செய்தி, காற்று மாசு பற்றிய ஆய்வுகளில் இடம்பெறுவது அரிது.

இவ்வறிவு பெரும்பாலும் எழுத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. தமிழ்ப் பாடநூல் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்பொறி என மூன்றாகப் பிரிப்பதைப் பட்டறைத் தமிழ் ‘கரண்ட்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. இதனைத் துல்லியமின்மை எனக் கருதுவது எளிது. ஆனால் ‘கரண்ட் எதுவரைக்கும் வருது?’ என்னும் கேள்வி, மின்கலத்திலிருந்து காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் எனப் படிப்படியாகப் பழுதைத் துரத்தும் ஒரு வரிசையை அமைத்துக் கொடுக்கிறது. அங்கே சொல்லின் அகலமே கருவியாகிறது.

இன்று பத்மினி சேகரிப்பாளர்களின் கொட்டகைக்குள் நுழைந்துள்ளது; அங்கும் காயில் பழுது தொடர்கிறது. பழைய அமைப்புக்கு ஏறத்தாழ 3 ஓம் தடையுள்ள காயில் வேண்டும். அதில் 4 ஆம்பியர் பாயும். வெளித்தடையோடு பயன்படுத்த வேண்டிய 1.5 ஓம் காயிலை, தோற்றம் ஒன்றெனக் கருதி நேரடியாகப் பொருத்தினால் 8 ஆம்பியர் பாயும், வெப்பம் இரட்டிக்கும், பாயிண்ட் கருகும், புதிய காயிலே முதலில் சாகும். பழி மீண்டும் ‘பழைய வண்டி’ மீதே விழும்.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வழியே அன்றிப் பயன்பாட்டின் வழியே எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜெர்டன் 2006-இல் வாதிட்டார். பம்பாயின் டாக்ஸித் தொழிலை ஓட்டுநர் சமூகத்தின் வாழ்விலிருந்து அணுகிய தாரிணி பேடியின் நூல் 2022-இல் வெளிவந்தது. இவற்றின் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டிய பணிக்குக் காலம் குறைவு. ஒரு வண்டியைக் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்திப் பாதுகாக்கலாம். அது ஏன் நின்றது என்று கேட்டறியும் முறையை அவ்வாறு பாதுகாக்க இயலாது. அதனை அறிந்தவர்கள் தம் சொற்களிலேயே சொல்லப் பதிவுசெய்வதே வழி. உரிமக் கோப்புகள் ஆவணக் காப்பகத்தில் இன்னும் நூறாண்டுகள் காத்திருக்கும். இந்தச் சொற்கள் காத்திரா.