அடுத்த நிறுவனத்தின் வேலைநிறுத்தமும் சங்கம் சாரா விமானியும்

2024 மே 7 இரவு தொடங்கி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கேபின் பணியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி விடுப்பில் சென்றனர். விமானங்கள் ரத்தாயின, 25 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மே 9 அன்று நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பில், சகோதர நிறுவனமான ஏர் இந்தியா 20 வழித்தடங்களில் துணை நிற்கும் என்ற செய்தியும் இருந்தது. அன்றைய தினமே தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது; நீக்கப்பட்டவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள நிறுவனம் இசைந்தது.

இரண்டே நாளில் முடிந்துபோன இந்நிகழ்வு ஒரு பழைய வினாவை எழுப்பிவிட்டுச் சென்றது. அந்த 20 வழித்தடங்களுள் ஒன்றிற்கு அனுப்பப்படும் ஏர் இந்தியா விமானி ஒருவர், அதுவும் எந்தச் சங்கத்திலும் சேராத ஒருவர், ‘அவர்கள் நிறுத்திய வேலையை நான் செய்யமாட்டேன்’ என்று மறுக்க முடியுமா? பெங்களூருவுக்கு இது தொலைதூர வினா அன்று. ஏர் டெக்கான் 2003இல் இங்கிருந்துதான் பறக்கத் தொடங்கியது. கிங்ஃபிஷரை நடத்திய யுபி குழுமத்தின் தலைமையிடம் இந்நகரம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் பின்னர் இணைக்கப்பட்ட ஏர் ஏசியா இந்தியாவின் தலைமையகமும் இங்கேதான் இருந்தது. வலுவான தொழிற்சங்க மரபைக் கொண்ட பொதுத்துறை ஆலைகளின் நகரமே, அம்மரபு வேர்கொள்ளாத தனியார் விமான நிறுவனங்களின் நகரமாகவும் ஆயிற்று.

வேலைநிறுத்தத்தின்போது பிறர் விட்ட வேலையைச் செய்பவரைச் சுட்டத் தமிழ்த் தொழிற்சங்க மேடையில் ஒரு சொல் உண்டு: கருங்காலி. மரத்தின் பெயரே வசைச்சொல்லாக நின்றது. இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் அதற்கு ஈடான சொல் இல்லை; கருங்காலியாக இருக்க மறுப்பவரைக் குறிக்கும் சொல்லும் இல்லை. ஆகவே அத்தகைய விமானியின் நிலையை அறிய, சட்டம் எந்தச் சொற்களால் ஆனது என்பதை வரலாற்று வரிசையில் பார்க்க வேண்டியுள்ளது.

அவ்வரிசை சென்னையில் தொடங்குகிறது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது 1920இல் பின்னி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்தானது என்பதை நாடு அன்று உணர்ந்தது. 1921இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டப்பேரவையில் கொண்டுவந்த தீர்மானமும் அதன்பின் எழுந்த விவாதங்களும் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தன. வாடியாவைச் சிக்கவைத்த குற்றச்சாட்டிலிருந்து அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு காப்பளித்தது.

ஆனால் அக்காப்பின் எல்லையைக் கவனிக்க வேண்டும். அது பதிவுபெற்ற சங்கத்திற்கும் அதன் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் மட்டுமே உரியது. மேலும், சங்க உறுப்பினர் ஒருவராவது தரப்பினராக உள்ள தகராறாக அது இருக்க வேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளாலும் நம் விமானி வெளியே நிற்கிறார்: அவர் உறுப்பினர் அல்லர், தகராறும் அவருடையது அன்று. சக விமானி ஒருவரிடம் ‘நீயும் போகாதே’ என்று அவர் சொல்லும் கணத்தில், 1920இல் வாடியா நின்ற இடத்தில் அவரும் நிற்கிறார்.

1928ஆம் ஆண்டில் பம்பாய் ஆலைகளிலும் தென்னிந்திய ரயில்வேயிலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ரயில்வே போராட்டத்திற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். அடுத்த ஆண்டே வந்த தொழில் தகராறுகள் சட்டம், ஆதரவு வேலைநிறுத்தத்தை வெளிப்படையாகக் குறிவைத்தது. வேலைநிறுத்தம் செய்பவர்கள் ஈடுபட்டுள்ள தொழிலுக்குள் எழுந்த தகராறு அல்லாத வேறு நோக்கம் கொண்டதும், மக்களுக்குக் கடுந்துன்பம் விளைவித்து அரசைப் பணியவைக்கும் இயல்புடையதுமான வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றது அது. இதில் ஒரு முரண் உண்டு. காலனிய அரசின் அந்தக் கடுமையான சட்டத்தில்கூடத் தடையின் எல்லை ‘தொழில்’ என்பதாகவே இருந்தது, ‘நிறுவனம்’ என்பதாக அன்று. ஒரே தொழிலைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்தின் தொழிலாளருக்குக் கைகொடுப்பது அந்த வரையறைக்குள் தானாகச் சிக்கவில்லை.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் அந்தத் தடையைத் தொடரவில்லை. மாறாக, வேலைநிறுத்தம் என்பதற்கு அகலமான வரையறை ஒன்றைத் தந்தது: தொழிலொன்றில் பணிபுரியும் நபர்கள் கூடி வேலையை நிறுத்துவது, அல்லது ஒருமித்தோ பொதுவான புரிதலின் பேரிலோ தொடர்ந்து வேலை செய்ய மறுப்பது. சங்கம் என்ற சொல் இவ்வரையறையில் எங்குமே இல்லை. உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. மறுப்பு பகிரப்பட்டதா என்று மட்டுமே கேட்கிறது. ஆகவே சங்கம் சாராத விமானிகள் இருவர் பேசிவைத்துக்கொண்டு மறுத்தாலும் அது வேலைநிறுத்தம் ஆகலாம். ஒருவர் தனியே மறுத்தால் அது வேலைநிறுத்தம் அன்று, கீழ்ப்படியாமை. மாதிரி நிலையாணைகளின்படி, மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான ஆணையைத் தனியாகவோ கூடியோ வேண்டுமென்றே மீறுவது ஒழுங்கீனம். அப்படியானால் அந்த ஆணை நியாயமானதா என்பதே தனி மனிதருக்கு எஞ்சும் ஒரே வாதம்.

இதே சட்டத்தில் இன்னொரு சொல்வேறுபாடும் இருந்தது. பயணிகள் விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவையாகையால், 14 நாள் முன்னறிவிப்பின்றி அதில் வேலைநிறுத்தம் செய்ய அச்சட்டத்தின்படி முடியாதிருந்தது. அத்தடை ‘நபர்’ என்ற சொல்லால் எழுதப்பட்டிருந்தது. ஆட்குறைப்பு, பணிநீக்கம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் பாதுகாப்போ ‘தொழிலாளர்’ என்ற சொல்லால் எழுதப்பட்டிருந்தது. விமானத்தின் தலைமை விமானி தொழிலாளரா, மேற்பார்வையாளரா என்பது நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வாதிடப்பட்ட வினா. விமானம் ஓட்டுவதே அவரது முதன்மைப் பணி என்று கொண்டு அவரைத் தொழிலாளராக ஏற்ற தீர்ப்புகள் உண்டு; ஆயினும் ஒவ்வொரு முறையும் அதை நிறுவ வேண்டியவர் அவரே. தடைக்கு உட்படுவதில் ஐயமில்லை; காப்புக்கு உரியவரா என்பதிலேயே ஐயம்.

சுதந்திர இந்தியாவில் நெடுங்காலம் இவ்வினா எழ வாய்ப்பே இல்லை. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா என இரண்டாயின. உள்நாட்டில் ‘அடுத்த நிறுவனம்’ என்று ஒன்று இல்லை. அது தோன்றத் தொடங்கிய 1992ஆம் ஆண்டின் இறுதியிலேயே இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் நீண்ட வேலைநிறுத்தமும் வந்தது. அரசு உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானங்களை விமானக் குழுவோடு சேர்த்தே குத்தகைக்கு எடுத்தது. 1993 ஜனவரி 9 அன்று ஹைதராபாத்திலிருந்து வந்த அத்தகைய டுபொலேவ் 154 விமானம் ஒன்று, பனிமூட்டம் சூழ்ந்த தில்லியில் தரையிறங்குகையில் கவிழ்ந்து எரிந்தது. விமானத்தில் இருந்த அனைவரும் உயிர்பிழைத்தனர். பிறர் விட்ட வேலையை ஏற்பது மனச்சான்று தொடர்பான வினா மட்டுமன்று, பாதுகாப்பு தொடர்பானதும்கூட என்பதை அந்த ஓடுதளம் காட்டியது.

சங்கம் சாராத விமானிகள் மறுத்ததற்கான பெயர்பெற்ற முன்னுதாரணம் அமெரிக்காவில் உள்ளது. 1985 மே மாதம் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்நிறுவனம் பயிற்றுவித்து வைத்திருந்த சுமார் 570 புதிய விமானிகளுள் மிகப் பெரும்பாலோர் பணியில் சேர மறுத்தனர். அவர்கள் இன்னும் சங்கத்தில் சேர்ந்திருக்கவில்லை. நிறுவனம் அவர்களுக்குக் கதவைச் சாத்தியது. நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் அங்கே அவர்கள் மறுத்தது தாங்கள் சேரவிருந்த நிறுவனத்தின் வேலையை. அவர்களுக்குப் பின்னால் ஒரு வலுவான சங்கமும் இருந்தது. இந்திய விமானிக்கு இவ்விரண்டும் இல்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய நிலை, விந்தையாக, ஒரே நிறுவனத்துக்குள் நிகழ்ந்தது. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைந்தன. விமானிகளின் சங்கங்கள் இணையவில்லை. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் ஊதியச் சமநிலை கேட்டுப் பத்து நாள் வேலையை நிறுத்தியது. 2012இல் பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கம், முக்கியமாகப் போயிங் 787 விமானப் பயிற்சி மற்ற தரப்புக்கும் தரப்படுவதை எதிர்த்து, 58 நாள் போராடியது. ஒரே சின்னத்தின் கீழ் ஒரு தரப்பின் போராட்டம் மற்ற தரப்பின் வேலைநாளாக இருந்தது. சங்கம் இருப்பதே ஒற்றுமை ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

இந்தக் கால அளவுகளை 14 நாள் முன்னறிவிப்போடு வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகளின் கூட்டு மருத்துவ விடுப்பு ஐந்து நாளில் முடிந்தது. 2011 போராட்டம் பத்து நாள். 2024 நிகழ்வு இரண்டு நாள். அடுத்த நிறுவனத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்றே ஒருவர் ஆதரவு அறிவிப்பைக் கொடுத்தாலும், அது சட்டப்படி முதிரும் முன் இவற்றுள் ஒவ்வொன்றும் முடிந்திருக்கும். அச்சட்டத்தின் அறிவிப்புப் படிவமோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பிரதிநிதிகளின் பெயரைக் கேட்டது; சங்கம் இல்லாதவர்களுக்கு அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆதரவு வேலைநிறுத்தத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. நாட்காட்டி தடுத்துவிடுகிறது.

சங்கமின்றிக் கூடி மறுப்பது எப்படியிருக்கும் என்பதைக் கிங்ஃபிஷரின் கடைசி ஆண்டு காட்டியது. 2012இல் மாதக்கணக்கில் ஊதியம் பெறாத விமானிகளும் பொறியாளர்களும் அவ்வப்போது பணிக்கு வர மறுத்தனர். நிர்வாகம் அக்டோபர் 1 முதல் கதவடைப்பில் இறங்கியது; அக்டோபர் 20 அன்று உரிமம் இடைநிறுத்தப்பட்டது. தம் சொந்த ஊதியத்திற்காக மறுத்தவர்களின் நிலையே இது. பிறர் ஊதியத்திற்காக மறுக்க நினைப்பவர் இதைவிட வலுவான நிலத்தில் நிற்க முடியாது.

வெளியேறும் வழியும் பின்னர் குறுகியது. 2017இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், பதவி விலகும் தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஒரே நாளில் ஐம்பது விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ கூடித் தற்செயல் விடுப்பு எடுப்பதையும் வேலைநிறுத்தமாக்கியது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரைத் தொழிலாளர் என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தியது. தற்செயல் விடுப்பைப் பெயர் சொன்ன அச்சட்டம் மருத்துவ விடுப்பைப் பெயர் சொல்லவில்லை. ஆனால் பொதுவான புரிதல் என்ற பழைய தொடர் அதையும் உள்ளடக்கப் போதுமானது.

ஆகவே வினாவுக்கு விடை இது: சங்கம் சாராமை மறுப்பதற்குத் தடையன்று, ஆனால் மறுத்தபின் கிடைக்க வேண்டிய காப்பை அது பறிக்கிறது. தனியே மறுப்பவர் வேலைநிறுத்தம் செய்தவராகமாட்டார், கீழ்ப்படியாதவர் ஆவார். கூடி மறுப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆவர். முன்னறிவிப்பு இல்லையெனில் சட்டவிரோதமாகச் செய்தவர்கள். களைப்பு, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றின் பேரில் பறக்க மறுப்பது மட்டுமே விமானிக்கு ஐயமின்றி உரியது. ஒற்றுமையைச் சொல்லச் சட்டத்தில் சொல் கிடைக்காதபோது ஊழியர்கள் உடல்நலத்தின் மொழியைக் கடன்வாங்கியது அதனால்தான். அக்கடனுக்கு ஒரு விலை உண்டு. உடல்நலக் குறைவு என்ற சொல் போராட்டத்தின் பெயராகிவிட்டால், உண்மையிலேயே களைத்துப்போன விமானி ‘என்னால் இன்று இயலாது’ என்று சொல்லும்போது அவரை நம்புவோர் குறைவர். அந்த ஐயத்தின் சுமை விமானியோடு நிற்பதில்லை. பின்னிருக்கைகளில் அமர்ந்திருக்கும் பயணிகள் மீதும் விழுகிறது.