கரை ஒரு கோடு இல்லை

எங்க ஆயா என் ப்ராஜெக்டை ஒரே நிமிஷத்துல காலி பண்ணிட்டாங்க.

டிசைன் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சொந்தமாக ஒரு இன்டராக்டிவ் ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். நான் எங்க ஊரை எடுத்துக்கொண்டேன். பிள்ளைச்சாவடி. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டுக்குச் சற்று முன்னால் வரும் ஊர். பழைய செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, கரையை ஒரு நீலக் கோடாக வரைந்து, கீழே ஒரு ஸ்லைடர் வைத்தேன். விரலால் தள்ளினால் வருஷங்கள் ஓடும், கோடு மேற்கே நகரும். வகுப்பில் கைதட்டினார்கள். லீவுக்கு வந்தபோது டேப்லெட்டை ஆயாவிடம் நீட்டினேன்.

"இதுல பெரியவலை இழுத்த எடம் எங்க?"

நான் முழித்தேன்.

"கருவாடு காயப்போட்ட எடம்? மரத்த ஏத்தி வச்ச எடம்? வெறுங்கோட்டக் காட்டுற."

மரம் என்றால் கட்டுமரம். ஆயா கேட்ட எதுவும் என் படத்தில் இல்லை. ஏன் இல்லை என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதல் காரணம் என் மூலப்படங்களிலேயே இருந்தது. லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. அந்தக் காலப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 80 மீட்டர். ஆயா சொன்ன வலை, கருவாடு, மரம் எல்லாமே ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிப்போகும். அதன்மேல் நான் கோடு போட்டேன். கடல் எடுப்பதற்கு முன்பே என் கோடு அந்த மணலை எடுத்துவிட்டது.

ஆனால் இந்தப் பழக்கம் என்னோடு தொடங்கியது இல்லை. பிரெஞ்சுக்காரரான டாப்ரே தெ மன்விலெத், இந்தியப் பெருங்கடலுக்கான கடல் வரைபடத் தொகுப்பை 1745இல் வெளியிட்டார். 1775இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. அந்தக் காலக் கடல் வரைபடங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். கடல் பக்கம் முழுக்க ஆழ எண்கள், கரைப்பக்கம் கிட்டத்தட்ட வெறுமை. அது நியாயம்தான். வரைந்தவர் கப்பல்காரருக்காக வரைந்தார். புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, சரக்கும் ஆளும் அலையைக் கடந்து கரைசேர்ந்தது உள்ளூர்க்காரர்களின் தைத்த படகுகளில். கப்பல்காரருக்குக் கரை என்பது மோதக்கூடாத விளிம்பு. படகுக்காரருக்கு அது வேலைசெய்யும் இடம். வரைபடத்தில் முதலாமவருடைய கரை மட்டும் தங்கியது. இருநூற்றைம்பது வருஷம் கழித்து, மீனவக் குடும்பத்தில் பிறந்த நானும் கப்பலில் நின்றுகொண்டுதான் எங்க ஊரை வரைந்திருக்கிறேன்.

இரண்டாவது கோடு எல்லைக்கோடு. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடி கீழே விழுந்த மாதிரி துண்டு துண்டாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராகச் சேர்த்த நிலம் அது. ஆங்கிலேயர் பலமுறை பிடித்து, கடைசியாக 1816இல் திருப்பிக் கொடுத்தபோதும் துண்டுகளாகவே வந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. துண்டுகள் மாறவில்லை. இன்றும் புதுச்சேரி நகரத்தைத் தாண்டினால் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. அப்புறம் எங்க ஊர் மறுபடி புதுச்சேரி. பஸ்ஸில் போகிறவருக்கு இது ஒரு வேடிக்கை. மணலுக்கு?

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன, வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். 1980களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. நகரத்தின் ஓரம் கருங்கல் கொட்டினால், அரிப்பு கோட்டக்குப்பம் பக்கம் போகிறது. அங்கே கல் போட்டால் அடுத்த ஊர். எந்த அரசாங்கமும் தன் எல்லைக்குள்தான் கல் போட முடியும். எங்களுக்கு வரவேண்டிய மணல் நடுவில் இன்னொரு மாநிலத்தைக் கடந்து வரவேண்டும். "கல்லு வந்தா அடுத்த ஊருக்குச் சனி" என்று எங்க மாமா சொல்வார். எங்க ஊருக்கும் கல் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர்தான் அவரும்.

சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் எழுதிய 'இந்தியா ரிப்போர்ட்'டை முதலாண்டில் படித்திருந்தேன். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாகக் காரணமாக இருந்த அறிக்கை. அதில் அவர்கள் வியப்பது ஒரு சாதாரணச் செம்பை. அதை எப்படித் தூக்குவார்கள், இடுப்பில் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி இருக்கும் என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். எங்க கரையைப் பார்த்து அந்தக் கேள்விகளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஆயா கேட்டார்.

அடுத்த லீவில் ஆயாவோடும் பக்கத்துவீட்டுத் தாத்தாக்களோடும் நடந்தேன். எது எங்கே இருந்தது, எத்தனை எட்டு அகலம் என்று கேட்டு எழுதினேன். ஒருத்தர் அறுபது எட்டு என்றதை இன்னொருத்தர் நூறு என்றார். இரண்டையும் குறித்துக்கொண்டேன். சில இடங்களைக் காட்ட அவர்கள் கடலைப் பார்த்துத்தான் கை நீட்டினார்கள்.

புதிய படத்தில் கோடு இல்லை. கரை அடுத்தடுத்த பட்டைகளாக இருக்கிறது: வலை உலர்த்தியது, மரம் ஏற்றியது, மீன் கூறுபோட்டது, பிள்ளைகள் கபடி ஆடியது. ஒரு பட்டையைத் தொட்டால் அதைச் சொன்னவரின் குரல் கேட்கும். கடல் எடுத்த பட்டைகளில் நிறம் இருக்காது, பெயர் மட்டும் தண்ணீர் மேல் நிற்கும். கீழே முதலியார்சாவடிகளும் நகரமும் துறைமுகமும் வரை ஒரே படம், எல்லைக்கோடு போடவில்லை. ஸ்லைடரையும் எடுத்துவிட்டேன். அது பின்னால் இழுத்தால் மணல் திரும்ப வரும் என்று பொய் சொல்கிறது.

வகுப்பில் இந்தமுறை கைதட்டல் கொஞ்சம் குறைவு. "பார்த்தவுடனே புரியல" என்றார்கள். அது உண்மைதான், இன்னும் அதைச் சரிசெய்யத் தெரியவில்லை.

ஆயா மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஒரு பட்டையை அழுத்தி, தன் குரலையே கேட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்:

"மரம் ஏத்துன எடம் இன்னும் கெழக்க தள்ளி இருக்கும்டி. தள்ளு."

தள்ளினேன்.

"இன்னும்."