‘தெரிஞ்சுதானே ஏறினான்?’: கட்டிடத் தொழிலில் ஆபத்து யார் தலையில் இறங்கியது?

சாரத்திலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனால், பிணவறை வாசலிலேயே அந்தப் பேச்சு தொடங்கிவிடும்: “ஆபத்துன்னு தெரிஞ்சுதானே ஏறினான்?” கேட்பவர் மேஸ்திரியாக இருக்கலாம், காவலராக இருக்கலாம், சொந்தக்காரராகக்கூட இருக்கலாம். இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட இருநூறு வயது. இது நீதிமன்றத்தில் பிறந்த கேள்வி. கட்டுமான நிறுவனங்கள் இன்று ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்று பாடம் நடத்துவதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தக் கேள்வியின் வரலாறு நமக்குத் தெரிய வேண்டும்.

1837. இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த ஆள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து கிடந்தார். முதலாளிமீது வழக்குப் போட்டார். வண்டியின் நிலை முதலாளியைப் போலவே வேலையாளுக்கும் தெரிந்திருக்கும், பிடிக்காவிட்டால் அவர் மறுத்திருக்கலாம் என்று மேல் நீதிமன்றம் கைவிரித்தது. 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நீதிமன்றம், ரயில்வே தொழிலாளி ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகம், அந்தக் கூலியிலேயே ஆபத்துக்கான விலையும் அடங்கிவிடுகிறது என்றது.

இந்த வாதம் இரண்டு தூண்களில் நிற்கிறது. ஒன்று, தொழிலாளிக்கு மறுக்கும் சுதந்திரம் இருக்கிறது. இரண்டு, ஆபத்து கூடினால் கூலியும் கூடும். சாதி இருக்கும் மண்ணில் இரண்டு தூணும் நிற்காது. நம் ஊரில் ஆபத்து அதிகமான வேலைக்குத்தான் கூலி குறைவு. ஆழக் குழி தோண்டுபவரும், கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து மாடி ஏறும் சித்தாளும்தான் கூலி வரிசையில் கடைசி. நிலமில்லை, சேமிப்பில்லை, வேறு வேலைக்குள் நுழைய ஆளில்லை என்றால் ‘மறுக்கலாம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகத் தினக்கூலி வேலைகளில் இருப்பதை அரசின் கணக்கெடுப்புகளே காட்டுகின்றன.

சட்டம் மெதுவாகத்தான் மாறியது. 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு முக்கியமான கதவைத் திறந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் தன் தொழிலைச் சேர்ந்த வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டாலும், விபத்து நடந்தால் முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். 1938இன் முதலாளிகள் பொறுப்புச் சட்டம், ‘தெரிந்துதானே வந்தான்’ என்று முதலாளி சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாமல் செய்தது. ஆபத்தை முழுமையாக விளக்கியதையும், தொழிலாளி அதைப் புரிந்துகொண்டு தானாக முன்வந்து ஏற்றதையும் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. பிணவறை வாசலில் எழும் கேள்விக்குச் சட்டம் 1938இலேயே பதில் சொல்லிவிட்டது. நம் மக்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய அடி விழுந்தது 1982இல். டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்பாலங்களும் அரங்குகளும் எழுந்துகொண்டிருந்தன. வெளியூர்களிலிருந்து ஜமாதார்கள் ஆட்களைத் திரட்டிவந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் தரப்படுவதாகப் புகார் எழுந்தது. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்தது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு மூன்று விஷயங்களைச் சொன்னது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் வற்புறுத்தல்தான், எனவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. கட்டுமானம் ஆபத்தான தொழில், அதில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைக்கக் கூடாது. கான்ட்ராக்டரைக் கைகாட்டி அரசு தப்பிக்க முடியாது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவைப் போலவே, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவும் தனியார்மீதும் செல்லும் என்று அதே தீர்ப்பு தெளிவாக்கியது. 1837இன் வாதம் இங்கேதான் உடைந்தது.

அதே 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1996இல் கட்டிடத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டங்கள் வந்தன. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ், நல வாரியம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு என்று பல ஏற்பாடுகள். ஆனால் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியும் சுமார் 9,500 கோடிதான் செலவாகியிருக்கிறது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

காகிதத்துக்கும் களத்துக்கும் உள்ள தூரத்தை மவுலிவாக்கம் காட்டியது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை ஒட்டிய அந்த ஊரில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அதில் அடங்குவர். மண் பரிசோதனையையோ தூணின் அளவையோ மாடிகளின் எண்ணிக்கையையோ முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர். முடிவு மேலே எடுக்கப்பட்டது, இடிபாடு கீழே இருந்தவர்கள் தலையில் விழுந்தது. பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோது, சுற்றியிருந்த குடியிருப்புகளை முன்கூட்டியே காலி செய்ய வைத்தார்கள். மனம் வைத்தால் ஆபத்தை முன்னறிந்து ஆட்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1923, 1996 சட்டங்களை இப்போது 2020இன் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைத்திருக்கிறார்கள். சொந்த வீடு கட்டும் வேலையில் பழைய சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை விலக்கு அளித்தது. புதிய பாதுகாப்புத் தொகுப்பு அதை 50 லட்சமாக்கிவிட்டது. நம் ஊர்களில் நம் ஆட்கள் சாரம் ஏறும் வீடுகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

எனவே மாணவத் தோழர்களே, அடுத்த முறை ஒரு விபத்து நடந்த இடத்துக்குப் போனால் மேஸ்திரியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். கட்டிடம் யாருடையது, வேலையை யார் யாரிடம் விட்டார்கள், இறந்தவர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று எழுதி வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹெல்மெட் போடவில்லை என்ற காரணத்தைக் காட்டி, மரணத்துக்கான இழப்பீட்டை மறுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இதை அந்தக் குடும்பத்திடம் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் பணம் திணித்து வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பவர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.