வாளை வைத்தவர் யாழை எடுத்தனரா?

பைம்பொழில் என்ற அழகிய பெயர் நாவில் தேய்ந்து பண்பொழி ஆயிற்று. செங்கோட்டைக்கு வடக்கே, மேற்கு மலையின் மடியில் கிடக்கும் ஊர் அது. அவ்வூர்த் திருமலைக் குன்றின் படிகளில் காவடி ஏறும் நாளில் செவியைத் தீட்டிக்கொண்டு நின்றால் ஒரு நடை கேட்கும். காலே தாளமாக, மூச்சே சுருதியாக எழும் சிந்து நடை! அந்நடைக்கு ஏட்டில் இடம் தேடித்தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். அவர் பாடியது கழுகுமலையை. ஆனால் அவருடைய சிந்து குன்றுதோறும் குடியேறிவிட்டது.

ரெட்டியாரைப் பேணியவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர். சிற்றாற்றங்கரை வீரகேரளம்புதூரில் அவருடைய அரண்மனை. தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தார் என்றும், உடன் நடந்த புலவர் வழிநெடுகப் பாடியவையே காவடிச் சிந்து என்றும் கூறுவர். கதை எப்படியாயினும் ஒன்று விளங்குகிறது. இந்தப் பாட்டு அவைக்களத்தில் பிறக்கவில்லை, தெருப்புழுதியில் பிறந்தது. சுமை தூக்கி நடக்கும் எளிய மக்களின் கால்நடையை எடுத்து, அதன்மேல் புலவர் சொல்லழகைப் பூட்டினார். 1891இல், முப்பதைக்கூட எட்டாத இளமையில், அவர் மறைந்தார். அரண்மனை பொன் கொடுத்தது, உண்மை. சந்தத்தைக் கொடுத்தது யார்? அந்தப் பெயரற்ற காவடிக்காரன் அல்லவா?

பாளையங்கள் கலைகளைப் பேணிய கதையை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆயினும் அந்தப் பேணுதலின் தரத்தை எடைபோட ஒரு படிக்கல் வேண்டாமா? அதைக் கீழ்க்கடலுக்கு அப்பால், இன்று ஒகினாவா எனப்படும் தீவுகளில் காண்கிறோம். ரியூக்யூ என்ற சிற்றரசு அங்கே இருந்தது. சூரி அதன் தலைநகர். 1609இல் சப்பானின் சத்சுமா படை புகுந்து அதை அடக்கிற்று. அதன் பின்னும் அவ்வரசு சீனத்துக்குத் திறை அனுப்பிக்கொண்டு, இரு பெருங்கற்களுக்கு இடையே அகப்பட்ட நெல்மணிபோல் வாழ்ந்தது. வாளால் இனிப் பெருமை இல்லை என்றான நாட்டில், பெருங்குடியினர் சான்சின் என்னும் பாம்புத்தோல் போர்த்த மூன்று நரம்பு யாழைக் கையில் எடுத்தனர். சப்பானியர் வீட்டில் வாள் வைக்கும் மாடத்தில் எங்கள் வீட்டில் சான்சின் இருக்கும் என்று அம்மக்கள் பெருமை பேசுவதுண்டு.

1719இல் சீனத் தூதர்கள் புதிய மன்னனுக்கு முடிசூட்ட வந்தபோது அவர்கள்முன் ஆடுவதற்கென்று, தாமகுசுக்கு சோகுன் என்ற பெருங்குடிமகன் குமி ஓதோரி என்னும் பாட்டுக்கூத்தைப் படைத்தான். ஆடல் ஏற்பாடுகளுக்கென்றே அரசு அமைத்திருந்த உயர் பதவி அவனுடையது. ஆடியவர் யார்? பாடியவர் யார்? கூலிக்கு அழைத்து வந்தவர் அல்லர். அந்தப் பெருங்குடி ஆடவரும் அவர்தம் மைந்தருமே! நரம்பை மீட்டுவதால் அங்கே எவனுக்கும் குலம் குறையவில்லை. அங்கும் உழவன் வரிச்சுமையில் நைந்தான் என்பதை நாம் மறைக்கவில்லை. பெருங்குடிப் பெண்டிருக்கு அம்மேடையில் இடமில்லை என்பதையும் மறைக்கவில்லை.

நம் நாட்டிலும் வாள் பறிபோனது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான்; 1801 போருக்குப்பின் கோட்டைகள் இடிந்தன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1803இல் பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். வெள்ளையனுக்கு வரிகட்டும் வேலையே மிஞ்சிய அவர்களும் கலையின் பக்கம் திரும்பினர். ஆனால் திரும்பியது செவிதான், கையன்று!

பாட்டுக் கட்டிய சிற்றரசர் இங்கு இல்லாமற் போகவில்லை. தென்காசியில் இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியனே நைடதம் பாடிய புலவன். ஏடு எழுதுவது அரசனுக்கு அழகு என்றிருந்த நாட்டில், குழல் ஊதுவதும் முழவு கொட்டுவதும் ஆடுவதும் மட்டும் ஏன் ‘கீழோர்’ தொழிலாயின? நாட்டியத்தைத் தெய்வக்கலை என்றனர். ஆடிய பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி ஒதுக்கினர். அந்தக் கொடுமையைத் தம் வாழ்வால் அறிந்து ஊர் ஊராய் எதிர்த்துப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தடைச்சட்டம் வர 1947 ஆயிற்று.

நாதசுரக் கலைஞரின் நிலை என்ன? செல்வர்முன் மேல்துண்டை இடுப்பில் கட்டவேண்டும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஊதவேண்டும். 1930ஐ ஒட்டிச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து வாசித்து வந்தார். வியர்வை துடைக்கத் தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னார்கள். அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, “எடுக்காதே” என்றார். ஒரு முழத் துணிக்காக ஒரு போராட்டம்! சூரி அரண்மனையில் இசைவாணன் உயர்குடி உடையோடு அமர்ந்து இருநூறு ஆண்டுகளுக்குப்பின், ஏழிசையும் கண்ட தமிழன் தோளில் ஒரு துண்டு கிடக்க வழியில்லை.

எட்டயபுரத்தை விட்டுவிட முடியாது. முத்துசாமி தீட்சிதர் 1835இல் கண்மூடியது அங்கே. சுப்பராம தீட்சிதரின் பெருநூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சேறியதும் அங்கே, 1904இல். இசையுலகுக்கு அது கருவூலம், ஐயமில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரண்மனையில் அச்சான அந்நூல் தெலுங்கில் இருந்தது. அதே மண்ணில் பிறந்த பாரதி, தென்காசிக்கு அருகே கடையத்தில் வறுமையில் இருந்தபோது, 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். உதவி வரவில்லை.

1879இல் சப்பான் அரசு ரியூக்யூ அரசைக் கலைத்தது. மானியம் இழந்த அரண்மனைக் கலைஞர் பலர் நாகா நகரக் கொட்டகைகளில் கட்டணத்துக்கு ஆடினர். அதனால் அரண்மனைக் கூத்து அங்காடி மக்களின் கூத்தாயிற்று. 2010இல் ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு குமி ஓதோரியை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. இங்கே 1948 சட்டம் ஜமீன்களை ஒழித்தது. காவடிச் சிந்துக்குப் புதிதாக எங்கும் இடம்பெயரத் தேவை இருக்கவில்லை. அது முன்பே தெருவில்தான் இருந்தது. பண்பொழிப் படிகளில் பாடி ஏறுகிறவனைக் கேட்டால் ஊற்றுமலை அரண்மனையைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டு தெரியும். வியர்வை வழிகிறது, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, அடுத்த கண்ணியைத் தொடங்குகிறான்.